மனநல வார்டுல ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு டீம் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு அரசு ஆஸ்பத்திரி மனநல வார்டுல இருந்து நோயாளி ஒருத்தர் ராத்திரி வெளிய போயிட்டார்னு உங்க பேப்பர்ல செய்தி வந்திருந்துச்சு, கடைசி வரில பணியில் இருந்த செவிலியரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளதுன்னு முடிச்சிருந்தீங்க. அவர் பத்திரமா கிடைச்சுட்டார்னு படிச்சப்புறம்தான் மூச்சு வந்துச்சு. நான் வேற மாவட்டத்துல மனநல வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், அந்த ராத்திரி அங்க என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, அதனால யார் மேல தப்புன்னு பேச வரல. ஆனா செய்தில கேக்காம விட்ட ஒரு கேள்வி இருக்கு. வார்டுல யாருக்கு டியூட்டின்னு கேட்டிருக்கீங்க, அந்த ஒரு மனுஷன அன்னிக்கு முழுக்க யார் பொறுப்பெடுத்துப் பாத்துக்கிட்டாங்கன்னு யாரும் கேக்கல. கேட்டாலும் நம்ம ஊர்ல முக்கால்வாசி வார்டுல பதில் இருக்காது, ஏன்னா அப்படி ஒரு ஆளே கிடையாது. இத மாத்தணும்னுதான் எழுதறேன், கொஞ்சம் நீளம்தான், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

எங்க வேல எப்படி நடக்குதுன்னு வெளிய இருக்கவங்களுக்குத் தெரியணும். காலைல டியூட்டிக்கு வந்ததும் வேலையப் பிரிச்சுக்குவோம், ஒரு சிஸ்டர் இஞ்செக்‌ஷன், ஒரு சிஸ்டர் மாத்திர டிராலி, இன்னொருத்தர் ரவுண்ட்ஸுக்கு டாக்டர் கூட, மிச்சம் இருக்கவங்க ரிஜிஸ்டர், இண்டெண்ட் (ஸ்டோர்ல மருந்து சாமான் கேட்டு எழுதறது), டயட், சென்சஸ் (நோயாளிங்க தலக் கணக்கு). சர்ஜரி வார்டுல இப்படி ஓட்டிடலாம், புண்ணு கண்ணுக்குத் தெரியும், புண்ணுல இருந்து நீர் வடியற குழாய்ல எவ்வளவு வந்துச்சுன்னு அளந்து எழுதிடலாம். மனநல வார்டுல நோய் கூடறதும் கொறையறதும் சின்னச் சின்ன விஷயத்துல இருக்கும். நேத்து பக்கத்து பெட் ஆளோட கிரிக்கெட் பேசினவர் இன்னிக்கு செவுத்தப் பாத்து திரும்பிப் படுத்திருப்பாரு, தினம் சாயங்காலம் வீட்டுக்கு போன் போட்டுத் தாங்கன்னு நச்சரிக்கிற அம்மா இன்னிக்கு போனே வேணாம்னுடுவாங்க. மாத்திர குடுக்கிற சிஸ்டருக்கு வாயத் திறந்து காட்டினா போதும், அடுத்த பெட்டுக்குப் போயிருவாங்க, போயே ஆகணும், அவங்களுக்கு இன்னும் இருபத்தஞ்சு பெட் இருக்கு. ஆளாளுக்கு ஒரு துண்டு பாத்திருப்போம், முழு ஆள யாரும் பாத்திருக்க மாட்டோம்.

ஒண்ணு சொல்றேன், ஆள் யாருன்னு தெரியாத அளவுக்கு மாத்திச் சொல்றேன். லித்தியம் மாத்திர சாப்பிட்டுக்கிட்டிருந்த ஒரு பையன். மனசு ஒரேயடியா ஏறி இறங்கற நோய்க்கு லித்தியம் ரொம்ப நல்ல மருந்து, ஆனா ரத்தத்துல அது இருக்கிற அளவு லிட்டருக்கு 0.6 மில்லிமோல்ல இருந்து 1 வரைக்கும்னு ஒரு சின்ன இடைவெளிக்குள்ளயே நிக்கணும், 1.5ஐத் தாண்டினா அதே மருந்து விஷமாயிரும். பேதியானா, தண்ணி கொறஞ்சா, மூட்டு வலிக்குன்னு யாராவது வலி மாத்திர குடுத்தா அளவு ஏறும். அந்தப் பையன் டீ டம்ளர ரெண்டு கையால புடிச்சுக் குடிக்க ஆரம்பிச்சான். லித்தியம் சாப்பிடறவங்களுக்குக் கை லேசா நடுங்கறது சகஜம்தான், அத வெச்சு மட்டும் யாரும் பதற மாட்டாங்க. அதே நாள் அவன் காலைல இருந்து நாலஞ்சு தடவ பாத்ரூம் போனத பாத்தது பாத்ரூம் கழுவுற ஆயம்மா, மத்தியானம் சாப்பாட அப்படியே வெச்சத பாத்தது சாப்பாடு பரிமாறுறவர். நடுக்கம், பேதி, பசியின்மை, மூணையும் ஒரே தலைல போட்டுப் பாத்தா எந்த நர்ஸும் ஒரு நிமிஷத்துல டாக்டரக் கூப்பிட்டிருவா. மூணு பேர்கிட்ட தனித்தனியா இருந்தா அது மூணு சின்ன விஷயம், அவ்வளவுதான். அன்னிக்கு எங்க வார்டுல அது ஒரு இடத்துல சேந்துச்சு, ஏன்னா அப்பதான் நாங்க டீம் முறைக்கு மாறியிருந்தோம், மத்தியானம் ஓவர் குடுக்கிறப்ப, அதாவது டியூட்டி மாறும்போது நோயாளிங்க நிலமைய அடுத்து வர்றவங்களுக்குச் சொல்றப்ப, ஆயம்மாவும் நின்னாங்க, அவங்கதான் முதல்ல வாயத் திறந்தாங்க. ராத்திரி மாத்திரைய நிறுத்தி, ரத்தம் அனுப்பி, டிரிப்ஸ் ஏத்தி, பையன் தேறிட்டான்.

எங்க இன்சார்ஜ் சிஸ்டர் செஞ்சது பெரிய புரட்சியெல்லாம் இல்ல. வார்ட ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பக்கத்துக்கு ஒரு சீனியர் நர்ஸ், ஒரு ஜூனியர், டிரெய்னிங்குக்கு வர்ற நர்சிங் ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு பேர், ஒரு ஆயம்மா இல்ல வார்டு பாய், இதுதான் டீம். அந்தப் பக்கத்து நோயாளிங்களோட மாத்திர, ஊசி, குளியல், சாப்பாடு, பேச்சு, வீட்டு ஆளுங்க கூட பேசறது எல்லாம் அந்த டீமோட பொறுப்பு. அட்மிஷன்ல இருந்து டிஸ்சார்ஜ் வரைக்கும் முடிஞ்சவரைக்கும் அதே முகங்க. டியூட்டி மாறும்போது டேபிள்ல உக்காந்து ரிஜிஸ்டர வாசிக்காம பெட் பெட்டா நடந்து ஓவர் குடுக்கிறது, நோயாளியையும் பேச விடறது, ராத்திரி தூங்கினீங்களான்னு அவர்கிட்டயே கேக்கிறது. இதுக்கு ஒரு பைசா செலவில்ல, கூடுதலா ஒரு கால் மணி நேரம் ஆகும். ஆரம்பத்துல எங்களுக்குள்ளயே முணுமுணுப்பு இருந்துச்சு, ஆயம்மாவுக்கு ஓவர்ல என்ன வேலன்னு கேட்டவங்க உண்டு. அந்த ஆயம்மாதான் ஒரு பொண்ணுக்குத் தல சீவி விடும்போது, இனி எதுக்குக்கா எனக்குத் தல சீவறீங்கன்னு அது சொன்னதக் கேட்டுட்டு வந்து எங்ககிட்ட சொன்னாங்க. கேஸ் ஷீட்ல அந்தப் பொண்ணுக்கு 'அமைதியாக இருக்கிறார், தூக்கம் நன்று'ன்னு எழுதியிருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி அவ பக்கத்துலயே ஒருத்தங்க இருக்கிற மாதிரி மாத்திக்கிட்டோம், டாக்டர் வந்து ரொம்ப நேரம் உக்காந்து பேசினாரு, மனசுல வெச்சிருந்தத அழுதுக்கிட்டே சொன்னா. அதுக்கப்புறம் ஆயம்மா ஏன் ஓவர்ல நிக்கிறாங்கன்னு யாரும் கேக்கல.

இதெல்லாம் பணக்கார நாட்டு ஆடம்பரம், நமக்கு ஆளே பத்தலன்னு மேல இருக்கவங்க சொல்வாங்க. டீம் நர்சிங் பொறந்ததே ஆள் பத்தாத காலத்துலதான். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட அமெரிக்கால ஆஸ்பத்திரிங்க பெருகிருச்சு, படிச்ச நர்ஸுங்க கொறைவு, கொஞ்சம் பயிற்சி மட்டும் உள்ள உதவியாளருங்க நிறைய, அப்ப கொலம்பியா பல்கலைக்கழகத்துல இருந்த எலினார் லாம்பர்ட்சன் 1950கள் தொடக்கத்துல இவங்க எல்லாரையும் படிச்ச ஒரு நர்ஸ் தலைமைல குழுவாக்கி, அந்தக் குழுவுக்குன்னு நோயாளிங்கள ஒதுக்கற முறைய வகுத்துக் குடுத்தாங்க. நம்ம நிலமைக்கு இதவிட பொருத்தமா என்ன வேணும்? அதே காலத்துல, 1952ல, ஹில்டகார்ட் பெப்லோ நர்ஸுக்கும் நோயாளிக்கும் நடுவுல வளர்ற உறவே மனநல சிகிச்சையோட ஒரு பாகம்னு எழுதினாங்க, நாங்க எல்லாரும் பரீட்சைக்குப் படிச்சதுதான், வார்டுக்குள்ள வந்ததும் மறந்துட்டு டிராலியத் தள்ளறோம். ஒரு எச்சரிக்கையும் சொல்லணும், டீம்னு பேர் மட்டும் வெச்சுட்டு உள்ள மறுபடி ஊசிக்கு ஒருத்தர் மாத்திரைக்கு ஒருத்தர்னு பிரிச்சா பழைய கததான். அமெரிக்காலயே அப்படி ஆகிப் போய்தான் 1969 வாக்குல மினசோட்டால மேரி மாந்தியும் கூட இருந்தவங்களும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ்தான் முழுப் பொறுப்புன்னு வேற முறைக்குப் போனாங்க. நம்ம எண்ணிக்கைக்கு அது ஆகாது. ஆனா டீமுக்குள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் 'இவங்க என் சிஸ்டர்'னு சொல்ல ஒரு பேர் இருக்கணும், அது ஆகும்.

முன்ன மாதிரி காலமும் இல்ல. 1794ல ஆரம்பிச்ச கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி மாதிரி இடங்கள்ல நோயாளிங்க வருஷக்கணக்கா இருப்பாங்க, வார்டுல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இப்ப மெடிக்கல் காலேஜ் மனநல வார்டுல ரெண்டு மூணு வாரத்துல டிஸ்சார்ஜ், அது நல்லதுதான், ஆனா அந்த ரெண்டு மூணு வாரத்துக்குள்ள ஒரு ஆளப் புரிஞ்சுக்கணும்னா முகம் மாறாம இருந்தாத்தான் முடியும். எங்க நிலம என்னன்னா மனநல நர்சிங்ல தனியா டிப்ளமோ படிச்சுட்டு வந்தவங்கள எலும்பு முறிவு வார்டுல போடறாங்க, இங்க பழகி ஒரு மாதிரி கை வந்தவங்கள அடுத்த மாசம் பிரசவ வார்டுக்கு மாத்தறாங்க. செக்யூரிட்டியும் துப்புரவும் ஒப்பந்த ஆளுங்க, கம்பெனி யார அனுப்புதோ அவங்க, அவங்களுக்கு மனநலம்னா என்னன்னு யாரும் ஒரு மணி நேரம் உக்கார வெச்சு சொல்லிக் குடுத்ததில்ல.

இப்ப கட்டிப் போடறதப் பத்தி. வெளிய இருக்கவங்களுக்கு மனநல வார்டுன்னாலே இதுதான் ஞாபகம் வரும், 2001 ஆகஸ்ட் 6ந் தேதி ஏர்வாடில தீப்பிடிச்சப்ப சங்கிலில கட்டியிருந்த 28 பேர் எந்திரிச்சு ஓட முடியாம செத்தாங்க, தமிழ்நாட்டுல மனநல வேல பாக்குற யாருக்கும் அந்தத் தேதி மறக்காது. அதுக்கப்புறம் சட்டம் மாறிச்சு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல சங்கிலி அறவே கூடாது, தனி அறைல பூட்டி வெக்கறது கூடாது, கட்டாயமா மொட்டை அடிக்கக் கூடாது. 97வது பிரிவு, தனக்கோ அடுத்தவங்களுக்கோ உடனே ஆபத்து வரும்ங்கிற நிலமைல வேற வழியே இல்லன்னாத்தான் ஒருத்தரக் கட்டலாம்னு சொல்லுது, அதுக்கு மனநல டாக்டர் அனுமதி வேணும், தேவைக்கு மேல ஒரு நிமிஷம் கூட நீட்டக்கூடாது, கேஸ் ஷீட்ல காரணம் எழுதணும், நோயாளி நியமிச்ச பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும். அதே பிரிவுல இன்னொரு வரி இருக்கு, அத ஒவ்வொரு டீன் ரூம்லயும் ஒட்டி வெக்கணும்னு நான் நினைக்கிறேன்: ஆள் பத்தலைங்கிற காரணத்துக்காக மட்டும் யாரையும் கட்டக்கூடாது. தண்டனையாவும் கூடாது. ராத்திரி முப்பது நோயாளிக்கு ஒரு நர்ஸ் ஒரு செக்யூரிட்டின்னு விட்டுட்டு, யாரையும் கட்டாதன்னு சொன்னா அந்த நர்ஸ் என்ன பண்ணுவா சொல்லுங்க.

ஒருத்தர் கோவமா சத்தம் போட ஆரம்பிக்கறப்ப டீம் இருக்கிற வார்டும் இல்லாத வார்டும் எப்படி நடந்துக்கும்னு நான் ரெண்டையும் பாத்திருக்கேன். இல்லாத வார்டுல நாலு பேர் ஓடி வந்து சூழ்ந்துக்குவாங்க, நாலு பேரும் ஒரே நேரத்துல கத்துவாங்க, உக்காரு, கைய இறக்கு, ஊசி போட்டுருவேன். ஏற்கனவே தன்ன யாரோ கொல்ல வர்றாங்கன்னு நம்பிக்கிட்டிருக்கிற மனுஷன் அவரு, காக்கிச் சட்டையும் வெள்ளக் கோட்டும் சுத்தி நின்னா கைய ஓங்கத்தான் செய்வாரு. டீம் இருக்கிற வார்டுல அவருக்குப் பழக்கமான ஒருத்தங்க மட்டும் பேசுவாங்க, மத்தவங்க ரெண்டு எட்டு தள்ளி நிப்பாங்க, ஒருத்தர் மத்த நோயாளிங்கள அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போவாரு. அண்ணே என்ன வேணும் சொல்லுங்கன்னு கேட்டா பெரும்பாலும் சின்ன விஷயமாத்தான் இருக்கும், வீட்டுக்கு போன் பண்ணணும்ன்னு காலைல கேட்டாரு, அப்புறம்னு சொன்னவங்க மறந்துட்டாங்க, மறுபடி கேட்டாரு, வேற சிஸ்டர் வேற பதில் சொன்னாங்க. ஊசி போட வேண்டிய நேரமும் வரும், அத நான் மறுக்கல. செரினேஸ், ஃபெனர்கன்ங்கிற ரெண்டு ஊசி மருந்தையும் சேத்துப் போடறது வேகமா அமைதிப்படுத்தும்னு நம்ம வேலூர் சிஎம்சில 200 நோயாளிங்க கிட்ட ஆய்வு பண்ணி 2004ல உலகத்துக்கே சொன்னாங்க. ஊசி போட்டப்புறம் பிரஷர், மூச்சு, நாடி பாக்கணும், சில பேருக்கு அடுத்த நாள் கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கும், கண்ணு மேல சொருகிக்கும், வீட்டு ஆளுங்க பேய் ஏறிருச்சுன்னு பயந்து அழுவாங்க, அது மருந்தோட பக்க விளைவு, மாத்து ஊசி போட்டா சரியாயிரும்னு பக்கத்துல நின்னு சொல்ல ஆள் வேணும். போட்ட ஆள் டியூட்டி முடிஞ்சு போயிட்டா அடுத்து வர்றவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கணும்.

இது என் ஆசையிலிருந்து மட்டும் சொல்றதில்ல. லண்டன்லயும் சுத்துவட்டாரத்துலயும் 15 ஆஸ்பத்திரில 31 மனநல வார்டுல லென் பவர்ஸ்ங்கிற மனநல நர்சிங் பேராசிரியரும் அவர் குழுவும் சேஃப்வார்ட்ஸ்னு ஒரு முறைய சோதிச்சுப் பாத்து 2015ல முடிவ வெளியிட்டாங்க. அதுல இருக்கிறது எல்லாம் எளிமையான விஷயங்க. ஓவர் குடுக்கும்போது ஒவ்வொரு நோயாளியப் பத்தியும் ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லணும், கெட்ட செய்தி வீட்ல இருந்து வந்தா முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு பக்குவமா சொல்லணும், ஸ்டாஃபும் நோயாளியும் ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சுக்கணும், நோயாளிங்களே ஒருத்தருக்கொருத்தர் உதவுற கூட்டம் நடத்தணும், டிஸ்சார்ஜ் ஆகிப் போறவங்க அடுத்து வர்றவங்களுக்கு ரெண்டு வரி எழுதி செவுத்துல ஒட்டிட்டுப் போகணும். இதனால வார்டுல நடக்கிற தகராறு 15 சதவீதமும், கட்டறது, வலுக்கட்டாயமா ஊசி போடற மாதிரி நடவடிக்கைங்க 26 சதவீதமும் கொறஞ்சுது. நாங்களும் வாரத்துக்கு ஒரு நாள் நோயாளிங்களோட வட்டமா உக்காந்து பேசிப் பாத்தோம், முதல் நாள் ஃபேன் ஓடல, டீ ஆறிப்போய் வருதுன்னு புகார்தான் வந்துச்சு, டீய சீக்கிரம் வர வெச்சோம், அடுத்த வாரம் இன்னும் அஞ்சாறு பேர் கூட வந்து உக்காந்தாங்க.

நம்ம ஊர்ல இன்னொரு பெரிய பலம் இருக்கு, கூட இருக்கிற வீட்டு ஆளு. வேலூர் சிஎம்சியோட மனநல மையத்துல நோயாளியோட குடும்பத்து ஆள் ஒருத்தர் தங்கறது ரொம்ப காலமா இருக்கிற வழக்கம், நம்ம அரசு வார்டுலயும் பல இடத்துல ஒரு அட்டெண்டர் கட்டாயம். ஆனா அவங்கள மருந்து வாங்கிட்டு வரவும் ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போகவும் மட்டும்தான் கூப்பிடறோம். ராத்திரி பூரா பாயப் போட்டு கீழ படுத்திருக்கிற அம்மாவுக்குத் தெரிஞ்ச அளவு எந்த கேஸ் ஷீட்டுக்கும் தெரியாது. மத்த மருந்து கேக்காத மனச்சிதைவுக்குக் குடுக்கிற குளோசபின் மாத்திர சாப்பிடறவங்களுக்கு முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தம் பாக்கணும்னு நாங்க சொல்லி அனுப்பறோம், ஆனா மலச்சிக்கல் ரெண்டு மூணு நாளானா உயிருக்கே ஆபத்தாகலாம்னு அந்த அம்மாகிட்ட யாராவது உக்காந்து சொன்னாத்தானே அவங்க வீட்ல கவனிப்பாங்க. அவங்களும் டீம்தான், ஓவர் குடுக்கும்போது அவங்களையும் நிக்க வெச்சுப் பேசணும்.

சுகாதாரத்துறைல இருக்கவங்க இதப் படிப்பாங்கன்னா நாங்க கேக்கிறது இவ்வளவுதான், மனநல வார்டுக்குப் போடற நர்ஸுங்கள வருஷக்கணக்குல இல்லன்னாலும் ஆறு மாசமாவது மாத்தாம விடுங்க, மனநல நர்சிங் படிச்சவங்கள மனநல வார்டுல போடுங்க, ராத்திரி ரெண்டு நர்ஸுக்குக் கொறையாம போடுங்க, தொகுப்பூதியத்துல வருஷக்கணக்கா நிக்கிற எங்க ஆளுங்கள நிரந்தரமாக்குங்க, ஒப்பந்த செக்யூரிட்டிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் வார்டுக்குள்ள விடறதுக்கு முன்னாடி பயிற்சி குடுங்க, ஒரே ஆளுங்கள அனுப்பச் சொல்லி ஒப்பந்தத்துலயே எழுதுங்க. இன்சார்ஜ் சிஸ்டருங்களுக்கு இதுல எதுக்கும் காத்திருக்காம நாளைக்கே செய்யக்கூடியது வார்ட ரெண்டாப் பிரிக்கறதும் பெட் பெட்டா ஓவர் எடுக்கறதும். எங்க வார்டு நடக்கிற விதத்தப் பாக்கணும்னு வேற ஆஸ்பத்திரி சிஸ்டருங்க யாராவது நினைச்சா தாராளமா வரலாம், உங்க அலுவலகத்துல என் நம்பர் இருக்கு, நோயாளிங்க ரகசியத்துக்குப் பங்கம் வராம எப்படி செய்யறோம்னு காட்டறோம்.

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள் சார். அடுத்த தடவ மனநல வார்டுல ஏதாவது நடந்து உங்க நிருபர் போனா, டியூட்டில இருந்த நர்ஸ் பேரக் கேக்கறதுக்கு முன்னாடி அன்னிக்கு ராத்திரி எத்தன நோயாளிக்கு எத்தன நர்ஸ் இருந்தாங்க, அந்த நோயாளி யார் பொறுப்புல இருந்தாரு, மதியம் டியூட்டி மாறும்போது அவரப் பத்தி யார் யார்கிட்ட என்ன சொன்னாங்கன்னு கேட்டு எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
மனநலப் பிரிவு செவிலியர் ஒருவர்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)